பழைய படிப்புக் கடன், மகாபொல, பர்சரி ரெக்கோர்ட் கிடைக்கேல்லையா? எங்க பிழைக்குதெண்டு பாக்கிற வழி

கிளிநொச்சியில ஒரு சின்ன போட்டோக்கொப்பிக் கடை வைச்சிருக்கிறன், கொப்பி அடிக்கிறதோட லெட்டர் டைப் பண்ணுறது, போர்ம் நிரப்பிக் குடுக்கிறது எல்லாம் என்ர வேலை. மாசத்துக்கு ரெண்டு மூண்டு பேராவது ஒரே அலுவலோட வருவினம். எப்பவோ எடுத்த படிப்புக் கடன், இல்லாட்டி கம்பஸில படிக்கேக்க கிடைச்ச மகாபொல, பர்சரி உதவிக்காசு, இல்லாட்டி ஊர்ச் சங்கம் தந்த காசு, அதுக்கு இப்ப ஒரு பேப்பரும் இல்லை, ஆனா வேலைக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ பாங்க் லோனுக்கோ அதைக் கேக்கினம். வந்த உடன எல்லாரும் சொல்லுறது "எல்லாம் 2009ல போட்டுது அண்ணை" எண்டுதான். அந்தக் கடைசிச் சண்டையில போனது எங்கட கையில இருந்த கொப்பி. காசு தந்த இடத்தில ஒண்டு, காசு வந்த பாங்கில ஒண்டு, படிச்ச கம்பஸில ஒண்டு எண்டு பதிவு மூண்டு இடத்தில விழுந்திருக்கும், மூண்டும் சேந்து அழிஞ்ச ஒரு கேஸை நான் இன்னும் காணேல்லை. அதால கைய விட முதல் கீழ இருக்கிற மாதிரி ஒண்டு ஒண்டாப் பாருங்கோ.

## முதல் ஒரு தாளில இதுகளை எழுதுங்கோ

உங்கட பேர் எத்தின விதமா எழுதப்பட்டிருக்கோ அத்தினையும். பழைய அடையாள அட்டை நம்பர், புது நம்பர். ஏ.எல் எடுத்த வருசம், சுட்டெண். கம்பஸ் பதிவு நம்பர், பீடம், சேந்த வருசம், முடிச்ச வருசம். காசு வந்த பாங்க், எந்தக் கிளை. அந்த நேரம் இருந்த விலாசம், எந்த விதானையார் (கிராம அலுவலர்) பிரிவு.

சுட்டெண் மறந்தாலும் பயப்பிடாதேங்கோ, ஏ.எல் றிசல்ட் சேட்டிபிக்கற்றை பரீட்சைத் திணைக்களத்தில திரும்ப எடுக்கலாம், அதில இருக்கும். பதிவு நம்பர் தெரியாட்டி உங்களோட ஒரே பச்சில படிச்ச ஆரையாவது கேளுங்கோ, அவையின்ர நம்பரைப் பாத்தா உங்கடது எந்த மாதிரி இருக்குமெண்டு விளங்கும், கம்பஸ் கிளார்க்குக்கும் தேட லேசு.

அடையாள அட்டை விசயம் கனபேருக்குத் தெரியாது. 2016க்கு முதல் எடுத்த அட்டையில 9 இலக்கமும் கடைசியில வி இல்லாட்டி எக்ஸ் எழுத்தும் இருக்கும், இப்ப வாறது 12 இலக்கம். பழைய நம்பரைப் புதுசா மாத்த முன்னுக்கு 19 போடுங்கோ, பழைய நம்பரின்ர முதல் அஞ்சு இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 போடுங்கோ, கடைசி எழுத்தை விடுங்கோ, அவ்வளவுதான். பழைய கடன், பழைய கணக்கு எல்லாம் பழைய நம்பரிலதான் கிடக்கும், நீங்கள் புது நம்பரை மட்டும் குடுத்தா கொம்பியூட்டர் "இல்லை" எண்டுதான் சொல்லும், கவுண்டரில இருக்கிற பிள்ளையும் அதை நம்பி இல்லையெண்டு அனுப்பிவிடும்.

## "உங்கட பேரில ஒண்டும் இல்லை" எண்டு சொல்லுகினம்

முதல் காரணம் மேல சொன்ன நம்பர். ரெண்டு நம்பரையும் குடுத்துத் திரும்பத் தேடச் சொல்லுங்கோ. என்னட்ட வாறதில பாதிப்பேரின்ர அலுவல் இதோட முடிஞ்சிடும்.

அதுக்கும் வரேல்லையெண்டால் பேர். அப்பான்ர பேர் முன்னுக்கோ பின்னுக்கோ, இனிசியல் ஒண்டா ரெண்டா, கலியாணத்துக்குப் பிறகு பேர் மாத்தினதா, ஆங்கிலத்தில எழுதேக்க 'த'வுக்கு எச் போட்டதா போடாததா, ழகரத்தை எந்த எழுத்தில எழுதினது எண்டு எல்லாம் பாருங்கோ. முகாமில பதிஞ்ச நேரம் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதினதில எழுத்து மாறினதும் கனக்க. பிறப்புச் சேட்டிபிக்கற்றில ஒரு பேர், அட்டையில ஒரு பேர், கம்பஸில ஒரு பேர் எண்டால் மூண்டையும் ஒரு லெட்டரில எழுதித் தேடச் சொல்லோணும். ஆளைக் கண்டுபிடிச்ச பிறகும் "இது நீங்கள்தானா" எண்டு கேட்டால் ஜேபியிட்ட (சமாதான நீதவானிட்ட) போய் இந்தப் பேருகள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்குதெண்டு சத்தியக்கடதாசி முடிச்சுக் குடுங்கோ. கனக்க இடத்தில அது காணும். எந்த ஒபிஸிலயாவது சத்தியக்கடதாசி காணாது, சேட்டிபிக்கற்றிலேயே திருத்தோணும் எண்டால்தான் லோயர் தேவைப்படும், அதுக்கு முதல் அவசரப்பட்டுக் காசு செலவழிக்காதேங்கோ.

மூண்டாவது, பிழையான ஒபிஸில போய் நிக்கிறது. இது வன்னிப் பிள்ளையளுக்கு அடிக்கடி நடக்கும். வவுனியாவில படிச்ச ஆக்கள் கவனியுங்கோ, 2021 ஆகஸ்ட் 1க்கு முதல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர வவுனியா வளாகம், அதுக்குப் பிறகுதான் வவுனியாப் பல்கலைக்கழகமாத் தனிய வந்தது. அதுக்கு முதல் முடிச்ச ஆக்களின்ர டிகிரி யாழ்ப்பாணத்தின்ர பேரில, உதவிக்காசுப் பைல் வவுனியாவில இருக்கவும் கூடும் யாழ்ப்பாணக் கம்பஸ் இருக்கிற திருநெல்வேலியில இருக்கவும் கூடும். யாழ்ப்பாணக் கம்பஸுக்குக் கீழ கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற விவசாய பீடத்திலயோ பொறியியல் பீடத்திலயோ படிச்ச ஆக்களும் அப்பிடித்தான், பீடத்தில கேட்டிட்டு இல்லையெண்டால் திருநெல்வேலி நிர்வாகத்தைக் கேக்கோணும். பஸ் ஏற முதல் ரெண்டு இடத்துக்கும் போன் எடுங்கோ, முத்தையன்கட்டில இருந்து ஒருநாள் கூலியை விட்டிட்டு யாழ்ப்பாணம் போய் வெறுங்கையோட வந்த ஆக்களைக் கண்டு மனம் நொந்திருக்கிறன்.

கம்பஸுக்குள்ளயும் எங்க கேக்கிறதெண்டு இருக்கு. மகாபொல லிஸ்டில பேர் இருந்ததோ எண்டு கேக்க மாணவர் நலன் பாக்கிற கிளை. எவ்வளவு காசு எந்த மாசம் போட்டது எண்டு கேக்க நிதிக்கிளை. ரெண்டையும் ஒரே லெட்டரில கேட்டால் அது ஒரு மேசையில கிடந்து மற்ற மேசைக்குப் போகாது, ரெண்டு லெட்டர் குடுங்கோ.

## எடுத்தது கடனா உதவியா எண்டே தெரியேல்லை

இதை நேர சொல்லிவிடுறன், கனபேர் தேவையில்லாமப் பயந்து கொண்டிருக்கினம். மகாபொலயும் பர்சரியும் திருப்பிக் கட்டுற காசு இல்லை. மகாபொல நிதியம் 1981ம் ஆண்டு 66ம் இலக்கச் சட்டத்தால வந்தது, அது புலமைப்பரிசில். பர்சரி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர காசில கம்பஸ் தாறது. ஒரு பிள்ளைக்கு ரெண்டில ஒண்டுதான் கிடைக்கும், அதால மகாபொல லிஸ்டில உங்கட பேர் இல்லையெண்டால் பர்சரி லிஸ்டையும் பாக்கச் சொல்லுங்கோ, "மகாபொல எடுத்தனான்" எண்டு இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிஞ்ச ஆக்கள் உண்மையில பர்சரி எடுத்திருப்பினம், பிள்ளையள் எல்லாத்தையும் மகாபொல எண்டுதான் சொல்லுறது. ஏ.எல் படிக்கேக்க சமுர்த்திக் குடும்பத்துப் பிள்ளையளுக்குக் குடுத்த சிப்தொறவும் உதவிதான், அதைப் பிரதேச செயலகத்தில சமுர்த்தி பாக்கிற பக்கம் கேக்கோணும், 2023ல அஸ்வெசும எண்ட புது உதவித் திட்டம் வந்தாப் பிறகும் பழைய சமுர்த்திப் பைல் அந்தப் பக்கம்தான்.

கடன் எண்டால், 2017ல துவங்கின வட்டியில்லா மாணவர் கடன் கடன்தான். ஏ.எல் பாஸ் பண்ணி அரச கம்பஸ் கிடைக்காத பிள்ளையள் தனியார் நிறுவனத்தில டிகிரி படிக்க அரசாங்கம் வட்டியைக் கட்டி பாங்க் மூலம் குடுக்கிறது. படிப்புக் காசு உங்கட கையில வாறேல்லை, படிப்பிக்கிற இடத்துக்குத்தான் தவணையாப் போறது, அதால சில பிள்ளையள் இடையில விட்டிட்டு "நான் காசு எடுக்கேல்லையே" எண்டு சொல்லுகினம். போன தவணைக் காசு உங்கட பேரில கடனா நிக்கும். பாங்க் நேர தந்த கல்விக் கடன், சங்கக் கடன் எல்லாம் கட்டவேண்டியதுதான்.

## கட்டச் சொல்லி லெட்டர் வந்திருக்கு, எடுத்த ஞாபகம் இல்லை, இல்லாட்டிக் கட்டி முடிச்சிட்டன்

இந்த லெட்டரோட வாற ஆக்களின்ர கை நடுங்கிறதை நான் கண்டிருக்கிறன். இருந்து தண்ணியைக் குடிச்சிட்டு லெட்டரை முழுக்க வாசியுங்கோ. ஆர் அனுப்பினது, பாங்கா, காசு அறவிடுற ஏஜென்டா, லோயரா? கடன் நம்பர் இருக்கா? அடையாள அட்டை நம்பர் உங்கடதா? எந்தக் கிளை? சிலநேரம் ஒரே பேர் உள்ள வேற ஆளின்ரயா இருக்கும், சிலநேரம் நீங்கள் பிணை நிண்ட மச்சான்ர கடனா இருக்கும்.

இதில நான் கண்டிப்பாச் சொல்லுறது ஒண்டு இருக்கு. கணக்கை எழுத்தில காண முதல் ஒரு சதமும் கட்டாதேங்கோ, "கடன் இருக்கு, பிறகு தாறன்" எண்டு ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ. எங்கட சட்டத்தில எழுத்தில உள்ள கடனுக்குப் பொதுவா 6 வருசக் காலக்கெடு இருக்கு, ஆனா இடையில கொஞ்சக் காசு கட்டினாலோ கடனை ஏத்துக்கொண்டு எழுதிக் குடுத்தாலோ அந்தக் காலம் புதுசா எண்ணத் துவங்கும். கடனைக் கட்டாம விடச் சொல்லி இதை நான் சொல்லேல்லை. எடுத்த காசைக் குடுக்கத்தான் வேணும், ஆனா எடுக்காத காசுக்கும் ரெண்டாம் தரமும் கட்டக்கூடாது, அது உங்கட பிள்ளையளின்ர சோறு.

அப்ப செய்யவேண்டியது இது. கிளை மனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதுங்கோ, கடன் ஒப்பந்தத்தின்ர கொப்பியும் துவக்கத்தில இருந்து இண்டைக்கு வரைக்கும் கணக்கு விபரமும் தாங்கோ எண்டு. ரெண்டு கொப்பி கொண்டு போங்கோ, ஒண்டைக் குடுத்திட்டு மற்றதில திகதியும் சீலும் வாங்குங்கோ. அந்தச் சீல் அடிச்ச கொப்பிதான் பிறகு எல்லாத்துக்கும் ஆதாரம், வாயால கேட்டதுக்கு ஒரு இடத்திலயும் பெறுமதி இல்லை.

அதோட கிரிப் றிப்போர்ட் எடுங்கோ. கிரிப் எண்டுறது கடன் தகவல் பணியகம், அது 1990ம் ஆண்டு 18ம் இலக்கச் சட்டத்தால வந்தது, உங்கட சொந்த றிப்போர்ட்டை நீங்களே கேட்டு எடுக்கலாம். "கிரிப்பில பேர் அடிச்சுப் போட்டாங்கள்" எண்டு ஊரில சொல்லுறது பிழை, அங்க கறுப்புப் பட்டியல் எண்டு ஒண்டும் இல்லை, அங்கத்துவமா இருக்கிற பாங்க், பினான்ஸ் கொம்பனியள் அனுப்புற கடன் விபரத்தைத்தான் அவை வைச்சிருக்கினம். அதில பிழை இருந்தா அனுப்பின பாங்குதான் திருத்தோணும், அதால முறைப்பாடும் பாங்கில துவங்கும்.

கட்டி முடிச்ச கடன் முடியாம நிக்குதெண்டால், பெரும்பாலும் கடைசியில கொஞ்ச வட்டியோ ஏதும் செலவோ நிண்டு அது குட்டி போட்டிருக்கும். இன்னொண்டு சம்பளத்தில வெட்டின கடன். ஒரு டீச்சர் வந்தவ, ஒரு வலயத்தில இருந்து இன்னொரு வலயத்துக்கு மாத்தம் கிடைச்ச நேரம் வெட்டுற காசு நாலு மாசம் நிண்டு போட்டுது, அவவுக்குத் தெரியாது, சம்பளச் சிட்டையை அவ பாக்கிறேல்லை. பழைய வலயத்தில போய் அந்த வருசத்துச் சம்பளப் பதிவை எடுத்துப் பாத்தாப் பிறகுதான் எந்த நாலு மாசம் எண்டு பிடிபட்டது, அதை மட்டும் கட்டி, கடன் தீந்ததெண்டு பாங்கில லெட்டர் எடுத்துக் குடுத்தம். ஆறு வருச வட்டியோட கேட்ட காசு எங்க, கடைசியாக் கட்டின காசு எங்க! அந்த டீச்சர் அழுதிட்டா.

எப்ப வெளியாளைப் பிடிக்கிறது? பாங்க் எழுத்தில பதில் தரேல்லை, இல்லாட்டி பதில் பிழையெண்டால் முதல் பாங்கின்ர தலைமை அலுவலகத்துக்கு முறைப்பாடு, அதுக்கும் சரிவரேல்லையெண்டால் மத்திய வங்கியின்ர 1935 நம்பருக்கு எடுங்கோ, பாங்க் முறைப்பாடுகளை விசாரிக்கிற நிதி ஒம்புட்ஸ்மனிட்டயும் போகலாம், இதுகளுக்கு லோயர் தேவையில்லை. ஆனா வந்தது லோயர் லெட்டர் எண்டாலோ கோட்டில இருந்து சமன்ஸ் எண்டாலோ அண்டைக்கே லோயரிட்ட போங்கோ, என்னட்ட வந்து பதில் எழுதித் தாங்கோ எண்டு கேட்டால் நான் எழுதமாட்டன். காசில்லாத ஆக்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. சமன்ஸ் திகதியைத் தவற விட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வரும்.

## பழைய புத்தகத்தில காசு கிடந்தது, இப்ப கணக்கே இல்லை எண்டுகினம்

கிளை மாறியிருக்கும், சண்டை நேரம் இடம்பெயர்ந்த கிளையளின்ர கணக்கு வேற கிளையில சேத்திருப்பினம், கணக்கு நம்பரும் புது சிஸ்டத்தில மாறியிருக்கும். பாஸ்புக் இல்லையெண்டால் பொலிஸில துலைஞ்சதெண்டு என்ட்ரி போட்டு அதோட போங்கோ. 10 வருசமா ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லாத கணக்கெண்டால் காசை மத்திய வங்கிக்கு அனுப்பியிருப்பினம், அது துலைஞ்ச காசு இல்லை, நீங்கள் கணக்கு வைச்சிருந்த பாங்க் மூலமாவே உங்கட ஆளடையாளத்தைக் காட்டித் திருப்பிக் கேக்கலாம். மகாபொல காசு வந்த கணக்கெண்டால் அந்த ஸ்டேட்மென்டே மகாபொல எடுத்ததுக்கு ஒரு ஆதாரம், கம்பஸில பைல் இல்லாமல் போன ரெண்டு பேருக்கு இதை வைச்சுத்தான் அலுவல் முடிஞ்சது.

## தந்த சங்கமே இப்ப இல்லை

கிராமத்தில சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில மேள், மகனின்ர படிப்புக்கெண்டு எடுத்த கடன் வன்னியில கனக்க இருக்கு. சங்கம் படுத்தாலும் பதிஞ்ச சங்கம் எண்டால் அதின்ர கணக்காய்வுப் பைல் கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளர் அலுவலகத்தில கேக்கலாம். அதுக்கு முதல் பழைய தலைவர், பொருளாளர் உயிரோட இருந்தா வீட்ட போய்க் கேளுங்கோ, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகேக்க உடுப்பை விட்டிட்டுச் சங்கக் கொப்பியைக் கொண்டு திரிஞ்ச பொருளாளர்மார் எங்கட மண்ணில இருந்தவை. தொண்டு நிறுவனம் தந்த உதவியெண்டால் பிரதேச செயலகத்தில அந்த நேரம் பயனாளி லிஸ்ட் குடுத்திருப்பினம், விதானையாரிட்டயும் கேளுங்கோ.

## கடன் எடுத்தவர் இல்லாட்டிப் பிணை நிண்டவர் இப்ப இல்லை

இதை எழுத எனக்குக் கஸ்டமா இருக்கு, ஆனா எழுதத்தான் வேணும். மகன் படிக்க எடுத்த கடனுக்கு அப்பா பிணை, மகன் 2009ல இல்லாமல் போட்டார், லெட்டர் அப்பாவுக்கு வருது. ஒவ்வொரு தரமும் லெட்டர் வரேக்க மகனின்ர பேர் அதில அச்சடிச்சு வருது.

மரணச் சேட்டிபிக்கற் இருந்தா அதின்ர கொப்பியை வைச்சுப் பாங்குக்கு எழுதுங்கோ, கடனுக்குக் காப்புறுதி இருந்ததா எண்டு அதே லெட்டரில கேளுங்கோ, கனபேர் இதைக் கேக்கிறேல்லை. காப்புறுதி இருந்தா மிச்சக் கடனை அது கட்டியிருக்கோணும். சேட்டிபிக்கற் எடுக்கேல்லையெண்டால், 2010ம் ஆண்டு 19ம் இலக்க மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தில எடுக்க வழி இருக்கு. ஆனா பிள்ளை எங்கயோ இருக்குதெண்டு நம்பிக்கொண்டிருக்கிற தாயிட்ட மரணச் சேட்டிபிக்கற் எடுங்கோ எண்டு சொல்லுற உரிமை ஆருக்கும் இல்லை. அந்தச் சட்டத்துக்கு 2016ல கொண்டு வந்த திருத்தத்தில காணாமற்போனவர் எண்டு தனிச் சேட்டிபிக்கற் எடுக்கலாம், செத்தெண்டு எழுதத் தேவையில்லை, அதைக் காட்டிப் பாங்கோட கதைக்கலாம்.

இந்தக் கேஸில துவக்கத்திலேயே லோயரைக் கேளுங்கோ. பிணை நிண்டவரின்ர பொறுப்பு எவ்வளவு, காணி பூமிக்கு வருமா எண்டதெல்லாம் ஒப்பந்தத்தைப் பாத்துத்தான் சொல்லோணும், அது போட்டோக்கொப்பிக் கடையில சொல்லுற விசயம் இல்லை.

## ஒபிஸ் பதிலே தருகிறேல்லை, இல்லாட்டி "அழிஞ்சு போச்சு" எண்டு வாயால சொல்லுகினம்

அப்பதான் ஆர்டிஐ. 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3ல இருந்து நடைமுறையில. அரச கம்பஸ், அரச பாங்க், பிரதேச செயலகம், திணைக்களம் எல்லாத்துக்கும் போடலாம், தனியார் பாங்குக்கு இது சரிவராது, அதுக்கு மேல சொன்ன 1935.

தகவல் அலுவலருக்குத் தமிழிலயே எழுதுங்கோ. "என்ர மகாபொல பற்றி எல்லாத் தகவலும் தாங்கோ" எண்டு எழுதினா சுத்தி விடுவினம், "இந்த வருசத்தில இருந்து இந்த வருசம் வரைக்கும், இந்தப் பதிவு நம்பருக்கு, மாதாமாதம் போட்ட காசின்ர விபரக் கொப்பி" எண்டு குறிப்பாக் கேளுங்கோ. ரெண்டாவது கேள்வியாக் கட்டாயம் இதையும் எழுதுங்கோ, "பதிவு இல்லையெண்டால் எப்ப, ஆரின்ர அனுமதியில, எந்த முறையில அழிச்சது எண்ட ஆவணத்தின்ர கொப்பி தாங்கோ". சட்டத்தின்ர 7ம் பிரிவுப்படி சட்டம் வந்த நேரம் கையில இருந்த பதிவுகளைக் குறைஞ்சது 10 வருசமும் அதுக்குப் பிறகு உண்டானதுகளை 12 வருசமும் வைச்சிருக்கோணும், நீங்கள் கேட்டுப் போட்ட தகவலை விண்ணப்பமும் அப்பீலும் முடியுமட்டும் அழிக்கவே ஏலாது. "அழிஞ்சு போச்சு" எண்டு சொன்ன ஒரு ஒபிஸில இந்த ரெண்டாவது கேள்வி போய் மூண்டாம் கிழமை பைல் அலுமாரிக்குப் பின்னால இருந்து வந்தது.

14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு சொல்லோணும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தின்ர குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு அப்பீல். அதுக்கும் சரிவரேல்லையெண்டால் 2 மாசத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. தபாலில அனுப்பினா பதிவுத் தபால், துண்டை விண்ணப்பக் கொப்பியோடயே பின் பண்ணி வையுங்கோ, அப்பீலில முதல் கேக்கிறது அந்தத் துண்டைத்தான்.